மம்சாபுரத்தில் சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது?

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் இருந்த வேலையில் இப்போது இருக்கும் பெண் பேசினாள். ஒரு வீட்டுக்கு ஜப்திக்குப் போக வேண்டுமாம். சூரியன் மறைந்த பிறகு அமீனா ஒரு குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பது சட்டம். "சார், செல்போன்லயே சூரியன் மறையுற நேரம் நிமிசக் கணக்கா வருது. அதை ரிப்போர்ட்ல போட்டாப் போதும்லா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்குச் சிரித்தேன் என்று எழுதித் தர வேண்டும் என்றாள். எழுதுகிறேன். ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை?

முப்பது வருஷம் அமீனாவாக இருந்தேன். எந்தக் கோர்ட் என்று கேட்க வேண்டாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் என் கால் பட்டவை. மேற்கே மலை தெரியாத இடத்தில் நான் வேலை பார்த்ததே இல்லை. அந்த மலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமீனா என்றால் கோர்ட் வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவன். வழக்கில் தோற்றவர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால், அவர் வீட்டுச் சாமான்களை எடுத்துக் கோர்ட்டில் கொண்டுவந்து வைப்பேன். நான் தெருமுனையில் திரும்பும்போதே அண்டாவும் குத்துவிளக்கும் சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். உள்ளே போனால் ஒரு கால் ஆடும் நாற்காலியும் அதில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும்தான் மிச்சம். "எடுத்துக்கோங்கய்யா, என்னையும் சேத்து" என்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தவர் யாரும் கிடையாது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, என் வேலை என்ன என்று தெரிந்ததும் வெள்ளித் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பயிற்சி என்பது ஒரு மாதம் பழைய அமீனா பின்னால் நடந்ததுதான். எதை எடுக்கலாம் என்பதை அவர் சொல்லவே இல்லை, எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் சொன்னார். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கும் பாய், கைத்தொழில்காரரின் கருவி, பெண்ணின் தாலி. இதைத் தொட்டால் நம் வேலை போகும் என்றார். மற்றதெல்லாம் அடி வாங்கித் தெரிந்துகொண்டேன்.

அடி என்றதும் ராஜபாளையத்து நாய் ஞாபகம் வருகிறது. வழக்கில் ஜெயித்த ஒருவர், எதிரியின் வெள்ளை நாய்க்கு நல்ல விலை கிடைக்கும், அதை ஜப்தி செய்து தாருங்கள் என்று கேட்டார். நாய் அசையும் சொத்துத்தான், மறுக்க வழியில்லை. நான் ஜப்தி செய்யப் போனேன், நாய் என் வேட்டியை ஜப்தி செய்தது. தோளில் கிடந்த துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைய ரிப்போர்ட்டில் "மேற்படி நாய் ஒத்துழைக்க மறுத்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். அதைக் கொண்டுபோய் நாசரிடம் நீட்டினேன். நாசர் என்பவர் அமீனாக்களுக்கு மேலதிகாரி. ஜப்தி செய்த பொருள்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கும். எங்கள் நாசர் ஞானமுத்து சார் திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரிப்போர்ட்டை நம்மிடமே திருப்பிக் கொடுத்து, "வாசிங்க" என்பார். வாசிப்போம். "வாசிங்க" என்பார். மறுபடி வாசிப்போம். மூன்றாவது முறை வாசிக்கும்போது நம் தவறு நமக்கே கேட்கும். வழக்கில் நாய் ஒரு கட்சிக்காரர் இல்லை, அது மறுக்க முடியாது என்று எனக்கே உறைத்தது. "நாயை நெருங்க முடியவில்லை" என்று திருத்தினேன். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு. நான்கு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருக்கும்.

இனி மாரிமுத்து கதை. எண்பதுகளின் கடைசியில் நடந்தது.

மாரிமுத்து மம்சாபுரத்துக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்காரர், கப்பலில் பண்டாரி என்பார்களாம். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் ஊரில். அவருடைய மச்சான் ராஜபாளையத்தில் ஒரு கமிஷன் கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்து வியாபாரம் செய்தான். மாரிமுத்து அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மச்சான் ஒருநாள் திருப்பூர்ப் பக்கம் போனவன் அங்கேயே இருந்துவிட்டான். கமிஷன் கடை முதலாளி, கையெழுத்துப் போட்டவர்தான் கடனைக் கட்ட வேண்டும் என்று டிக்ரி வாங்கினார். அக்காள் புருஷன் என்ற பாவத்துக்கு மாட்டிக்கொண்ட மனுஷர்.

முதலாளி முதலில் குறிவைத்தது கப்பல் சம்பளத்தை. சம்பளத்தைப் பிடித்து அனுப்பும்படி பம்பாயில் இருந்த கப்பல் கம்பெனிக்கு எங்கள் கோர்ட்டிலிருந்து உத்தரவு போனது. ஆசிரியர் சம்பளம், மில் குமாஸ்தா சம்பளம் என்று நாங்கள் எத்தனையோ பிடித்திருக்கிறோம். இதற்குப் பணிவாக ஒரு பதில் வந்தது. கப்பல் தொழிலாளியின் சம்பளத்தை ஜப்தி செய்ய எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை, சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது.

எங்களிடம் எந்தப் புத்தகம் இருந்தது? கண்மாய்த் தண்ணீர் தகராறுக்குப் புத்தகம் உண்டு, வரப்புத் தகராறுக்கு உண்டு. கப்பலுக்கு ஏது? இளவயது முன்சீப் ஒருவர் அப்போது வந்திருந்தார். மதுரையிலிருந்து அந்தப் புத்தகத்தை வரவழைத்து, கோர்ட்டில் எல்லாரும் கேட்கும்படி விளக்கினார். மாலுமியின் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. "என் சம்பளத்தை இவரிடம் கொடுங்கள்" என்று அவரே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் கடலில் இறந்துபோனால், அவர் பெட்டியில் உள்ள பொருள்களைக் காப்டன் பட்டியல் போட்டுக் கணக்குக் காட்டி, அவர் குடும்பத்துக்குச் சேரும்படி செய்ய வேண்டும். கரையில் இறங்கும் மாலுமியை மொட்டையடிக்க ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆள் காத்திருந்ததால்தான் இப்படி ஒரு சட்டம் என்றார் முன்சீப். மனு தள்ளுபடி ஆனது. வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லாம் அன்று கப்பலில் வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டார்கள்.

முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. "கப்பல்ல இருக்க சம்பளத்தத்தான தொடக்கூடாது? மம்சாபுரத்துல இருக்க பெட்டியத் தொடலாம்லா?" என்றார். மாரிமுத்து வீட்டில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருந்தது. அதில் டேப் ரிக்கார்டர் இருக்கிறது, சீமைச் சென்ட் இருக்கிறது, தங்கக் கட்டி இருக்கிறது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அசையும் சொத்தை ஜப்தி செய்ய வாரண்ட் வாங்கிவிட்டார். அது என் கைக்கு வந்தது ஏப்ரல் கடைசியில், கோடை விடுமுறைக்கு முந்தின நாள்.

முதலாளியின் கணக்குப்பிள்ளையோடு மம்சாபுரம் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு பத்து. நான் சாகும்வரை மறக்காத நேரம் அது. மாரிமுத்து வீட்டில் இல்லை, திருநெல்வேலியில் ஒரு துஷ்டிக்கு, சொந்தக்காரர் சாவுக்கு, போயிருந்தார். பெட்டிச் சாவியும் அவர் இடுப்பில் போய்விட்டது. அவர் மனைவி பேச்சியம்மாள் வாசல் மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினார். நான் வாரண்டைப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாள் அழவில்லை, பக்கத்து வீட்டைக் கூப்பிடவும் இல்லை.

"விளக்கு வச்சாச்சுய்யா. இனி வீட்டுல இருந்து ஒண்ணும் வெளிய போகக்கூடாது. ஒரு ஊசி கேட்டாக்கூடக் கொடுக்க மாட்டோம். காலைல வாங்க, நானே எடுத்துத் தாரேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க விளக்குக்கெல்லாம் கோர்ட்டு காத்துக்கிட்டு நிக்காதும்மா" என்றேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. என்னவோ கோர்ட்டை நானே கட்டியவன் மாதிரிப் பேசிவிட்டேன்.

முறைப்படி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாவி இல்லை. வீட்டுக்குள் வெளிச்சமும் இல்லை. கணக்குப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "செத்த நேரத்துல கடைசி டவுன் பஸ் போயிரும்யா" என்று பறந்தார். நாளைக்கு என்றால் கோர்ட் விடுமுறை, ஜப்தி செய்ய முடியாது, வாரண்ட் ஜூன் மாதத்துக்குப் போய்விடும். நான் பெட்டியைப் பூட்டோடு சேர்த்துத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, பஸ் கூரையில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பட்டியல் எழுதாமல் துணியில் சுற்றியதுதான் என் தவறு என்று பிறகு நினைத்தேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் மாரிமுத்து கோர்ட் ஆபீசுக்கு வந்தார். விடுமுறை ஜட்ஜுகளுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. ஒல்லியான மனுஷர், கையில் ஒரு தந்தி. ஐந்து நாளில் பம்பாயில் வந்து கப்பல் ஏற வேண்டும் என்று கம்பெனி அடித்த தந்தி.

"அய்யா, பெட்டிய வச்சுக்கோங்க, நான் கேக்கல. உள்ள என் சி.டி.சி. புக்கு இருக்கு. அதை மட்டும் எடுத்துத் தந்திருங்க" என்றார்.

சி.டி.சி. என்றால் என்ன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தக் கப்பலில் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று முத்திரையோடு பதிந்திருக்கும் அரசாங்கப் புத்தகம். அது கையில் இல்லாதவனைக் கப்பல் படியில் ஏற விடமாட்டார்கள். தொலைந்தது என்று எழுதிப் புதிதாக வாங்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தக் கப்பல் போய்விடும். மறுபடி வரிசையில் நின்று இன்னொரு கப்பல் கிடைப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும், குடும்பம் பட்டினி கிடக்கும் என்றார். அவர் சம்பளத்தை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் கோட்டை கட்டி வைத்திருந்தது. அந்தச் சம்பளத்தைச் சம்பாதிக்கப் போகும் புத்தகத்தை நான் அரக்கு வைத்து அடைத்திருந்தேன்.

நாசர் எழுந்து நின்று பேசினார். அவர் எழுந்து நின்றாலே விஷயம் மோசம் என்று அர்த்தம். "பெட்டி என் பொறுப்புல இருக்கு தம்பி. என் அதிகாரத்துல இல்ல. முத்திரைய உடைக்க ஜட்ஜ் உத்தரவு வேணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ரிப்போர்ட்டை நீட்டினார். "வாசிங்க."

வாசித்தேன். "மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மேற்படி வீட்டுக்குச் சென்றபோது எதிரி இல்லை. அவர் மனைவி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டினுள் வெளிச்சம் போதாமையாலும் சாவி இல்லாமையாலும் பெட்டியின் உள்ளடக்கம் தெரியவில்லை."

"வாசிங்க."

இரண்டாம் முறை 'உள்ளடக்கம் தெரியவில்லை' என்ற இடத்தில் எனக்குக் காது சூடானது. பட்டியல் இல்லாத ஜப்தி. போச்சு, மாட்டினேன் என்று நினைத்தேன்.

"வாசிங்க."

மூன்றாம் முறை 'விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. ஏப்ரல் மாதம் ஆறு பத்துக்கு ஏன் விளக்கு? ஏன் வெளிச்சம் போதவில்லை? மம்சாபுரத்தில் நிற்கிறவனுக்குத் தெரியும். பஞ்சாங்கத்தில் சூரிய அஸ்தமனம் ஆறரை மணி என்று இருக்கும். ஆனால் மலை அந்தச் சூரியனை அரை மணி முன்னாலேயே விழுங்கிவிடும். நான் அந்த வாசலில் கால் வைத்தபோது அங்கே சூரியன் இல்லை. சூரியன் மறைந்த பிறகு அமீனா வீட்டுக்குள் நுழையக்கூடாது. பேச்சியம்மாள் சொன்னது ஊர் வழக்கம் மட்டும் இல்லை, சட்டமும் அதேதான் சொல்கிறது. சட்டம் தெரிந்த நான்தான் அதைக் கேட்கவில்லை.

நாசர் கண்ணாடியை இறக்கினார். "இதை நீங்க ஜட்ஜ் முன்னால சொன்னா ஜப்தி செல்லாது. பெட்டி திரும்பிப் போயிரும். ஆனா தப்பா நுழைஞ்சதுக்கு உங்களுக்கு மெமோ வரும். அதை நான்தான் எழுதணும்" என்றார்.

"எழுதுங்க சார்" என்றேன். வீரத்தில் சொல்லவில்லை. மாரிமுத்து அந்தத் தந்தியை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார், அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

விடுமுறை ஜட்ஜ் வேறு ஊரில் உட்காருவார், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் கழித்து அங்கே மனு எடுக்கப்பட்டது. மாரிமுத்துவுக்கு ஒரு வக்கீல், முதலாளிக்கு ஒரு வக்கீல், கையில் பஞ்சாங்கத்தோடு. கணக்குப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைத் துடைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "அஸ்தமனம் ஆறு முப்பது. அமீனா நுழைந்தது ஆறு பத்து. இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது" என்று முதலாளியின் வக்கீல் அடித்துப் பேசினார். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. மாரிமுத்து என்னைப் பார்த்தார். இன்னும் மூன்று நாள்தான் மிச்சம், பம்பாய் போகவே இரண்டு நாள் வேண்டும்.

ஜட்ஜ் வயதானவர், தூங்குகிறவர் போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்.

"பஞ்சாங்கத்தை விடும். நீர் உள்ளே நுழையும்போது சூரியன் எங்கே இருந்தது?"

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

"கேரளாவுல இருந்துதுய்யா" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. கோர்ட் சேவகரான டவாலி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து, "மலைக்கு அந்தப் பக்கமா?" என்றார்.

"ஆமாய்யா. வீட்டுல விளக்கு வச்சிட்டாங்க. அந்தம்மா, விளக்கு வச்ச பொறவு ஒண்ணும் வெளிய போகக்கூடாதுன்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

ஜட்ஜ் பேனாவை எடுத்தார். "அப்படியானால் அந்த நேரத்தில் நீர் கேரளாவில் ஜப்தி செய்திருக்கலாம். மம்சாபுரத்தில் செய்திருக்கக்கூடாது" என்றார். பெட்டியை முத்திரை கலையாமல் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும், இன்றைக்கே வைக்க வேண்டும், இதே அமீனா வைக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார்.

இன்றைக்கே என்றால் லேசா? ஊர் திரும்பி, பெட்டியை வெளியே எடுத்து, பஸ் பிடித்து மம்சாபுரம் போவதற்குள் இருட்டிவிட்டது. பெட்டியின் ஒரு பக்கத்தை மாரிமுத்துவும் மறுபக்கத்தை நானும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலுக்கு வந்ததும் நான் பெட்டியை இறக்கிவிட்டேன். வாசல் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன்யா நின்னுட்டீங்க?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"சூரியன் மறைஞ்சிருச்சும்மா. நான் வீட்டுக்குள்ள வரக்கூடாது. இதுக்குத்தான் மூணு நாளா அலைஞ்சோம்" என்றேன். எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"வெளிய போகத்தான் கூடாது. விளக்கு வச்ச பொறவு உள்ள வாரது லெச்சுமி. வாங்கய்யா" என்றார்.

முப்பது வருஷத்தில் என்னை வா என்று ஒரு வீட்டில் கூப்பிட்டது அன்றுதான். போனேன்.

பேச்சியம்மாள் விடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், ரிப்போர்ட்டில் தெரியவில்லை என்று எழுதினீர்களாமே என்றார். முத்திரையை உடைத்து மாரிமுத்து பெட்டியைத் திறந்தார். மேலேயே அந்தப் புத்தகம். அதன் கீழே துணியில் சுற்றிய இரண்டு கத்தி, நீளக் கரண்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி, ஒரு போர்வை, வீட்டில் இடித்த மிளகாய்ப் பொடி. உடுத்தும் துணி, சமைக்கும் சாமான், படுக்கை, தொழில் கருவி. அத்தனையும் நான் தொடக்கூடாது என்று முதல் மாதமே படித்த பட்டியல். பட்டியலுக்கு வெளியே இருந்தது பாதி தீர்ந்த ஒரு சென்ட் பாட்டில்தான். "அது என்னோடது" என்று பேச்சியம்மாள் வெடுக்கென்று எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் மாரிமுத்து பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார். நாசர் சொன்னபடியே எனக்கு மெமோ தந்தார். மத்தியானம் அவரே காப்பியும் வாங்கித் தந்தார். ஒரு வருஷ இன்கிரிமெண்ட் தள்ளிப் போனது, வீட்டில் அதற்கு வாங்கிய பாட்டு தனி.

கடன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் ஊருக்கு வந்த மாரிமுத்து, யாரும் பிடிக்க முடியாத அந்தச் சம்பளத்தைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வந்து கோர்ட்டில் கட்டினார். முதலாளிக்கு ஆச்சரியம். "இப்படித் தாரவன் முதல்லயே தந்திருக்கலாம்லா?" என்றார். "கேட்டிருந்தாத் தந்திருப்பேன் முதலாளி. நீங்க அமீனாவைல்லா அனுப்புனீங்க" என்றார் மாரிமுத்து. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதற்கு முன்பே, ஜப்தி நடந்த அதே வருஷம் ஜூன் மாதக் கடைசியில், ஒரு படம் போட்ட அஞ்சல் அட்டை என் பெயருக்கு ஆபீசுக்கு வந்தது. வடக்கே எங்கோ ஒரு குளிர்தேசத்துத் துறைமுகம். அமீனாவுக்கு யார் கடிதம் போடுவார்கள்? நேரே நாசரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வாசிங்க."

"அமீனாய்யாவுக்கு மாரிமுத்து எழுதுவது. கப்பல் ஏறிட்டேன், நல்லா இருக்கேன். இந்த ஊர்ல ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்குது. சமையல் முடிச்சுப் பாத்திரம் கழுவின பொறவும் ஒருத்தரும் விளக்கு வைக்கல. இங்க அமீனாவுக்கு நேரம் காலமே கிடையாது போல. எதுக்கும் இருக்கட்டும்னு புக்கை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் படுக்கேன்."

"வாசிங்க" என்றார் நாசர். வாசித்தேன்.

"வாசிங்க."

மூன்றாம் முறை பாதி வாசிக்கும்போது அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பைலை எடுத்து, ஊசி நூலைக் கோத்து, அந்த அட்டையை என் மெமோவோடு சேர்த்துத் தைத்து வைத்தார்.